பிள்ளைகளுக்குள் யார் ஒதுக்கப்படுகிறார்: கணக்கெடுக்கும்போது செய்யும் தவறுகள்

வகுப்பில் யாருக்கு யாரைப் பிடிக்கும் என்று காட்டும் படமான சோசியோகிராம் பி.எட். படித்தவர்களுக்குப் புதிதல்ல. பிடித்த மூன்று பேரை எழுதச் சொல்லிச் சீட்டு கொடுப்பது, வட்டம் போட்டு அம்புக்குறி இழுப்பது, அதிக அம்பு வாங்கியவரை நட்சத்திரம் என்றும் ஒன்றுகூட வாங்காதவரைத் தனியர் என்றும் குறிப்பது, அப்புறம் ரெக்கார்டு நோட்டை மூடிவிடுவது. மனநல மருத்துவர் ஜேக்கப் மொரேனோ 1930களில் பரப்பிய முறை இது. முறையில் குற்றமில்லை, பாதியில் நிறுத்திவிடுகிறோம்.

பெரிய தவறு, விருப்பத்தை மட்டும் கேட்பதுதான். யாரும் பெயர் எழுதாத பிள்ளைகளில் இரண்டு வகை உண்டு. ஒருவன் வந்தாலே மற்றவர்கள் விலகிப் போவார்கள். இன்னொருத்தி வகுப்பில் இருப்பதே யாருக்கும் நினைவு வராது. அவன் நிராகரிக்கப்பட்டவன், இவள் கவனிக்கப்படாதவள். விருப்பச் சீட்டிலோ இருவருக்கும் பூஜ்யம். நிராகரிப்பு அடுத்த வருடமும் தொடர வாய்ப்பு அதிகம்; கவனிக்கப்படாத நிலை சில மாதங்களிலேயே மாறிவிடலாம். நம் உதவி முதலில் போக வேண்டிய இடம் எது என்று அந்தப் பூஜ்யம் சொல்லாது.

சரி, பிடிக்காதவர் யார் என்றும் கேட்டாயிற்று. உடனே ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து முடித்துவிடுவது அடுத்த தவறு. ஒரு பையனை 7 பேர் பிடிக்கும் என்றும் 7 பேர் வேண்டாம் என்றும் எழுதினால் விடை 0. யாருமே எழுதாத பெண்ணுக்கும் விடை 0. வகுப்பையே இரண்டாகப் பிரித்து வைத்திருக்கும் பையனும், இருக்கிற இடம் தெரியாத பெண்ணும் ஒரே எண்ணுக்குள் வந்துவிடுகிறார்கள்! கோய், டாட்ஜ், கப்போடெல்லி என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1982-இல் வெளியிட்ட முறையில் கழித்தலோடு கூட்டலும் உண்டு. கழித்தால் எவ்வளவு பிடிக்கிறது என்று தெரியும். கூட்டினால் எவ்வளவு கண்ணில் படுகிறார் என்று தெரியும். பையனுக்கு 14, பெண்ணுக்கு 0. இரண்டையும் சேர்த்துப் பார்த்துத்தான் விரும்பப்படுபவர், நிராகரிக்கப்பட்டவர், கவனிக்கப்படாதவர், சர்ச்சைக்குரியவர், சராசரி என்று பிரிக்கிறார்கள். கூட்டுவதற்கு முன்பே ஓட்டுகளை அந்த வகுப்பின் சராசரியையும் திட்ட விலக்கத்தையும் (ஓட்டுகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு) வைத்துச் சமன்படுத்த வேண்டும். 20 பேர் எழுதிய வகுப்பில் வாங்கிய 8 ஓட்டும் 45 பேர் எழுதிய வகுப்பில் வாங்கிய 8 ஓட்டும் ஒன்றல்ல.

கேள்வியிலும் சறுக்கல் உண்டு. யாருடன் சேர்ந்து கணக்குப் போட விருப்பம் என்று கேட்டால் நன்றாகப் படிப்பவர் பெயர்தான் வரும். வகுப்பில் யார் ஃபேமஸ் என்பதும் வேறு கேள்வி. ஃபேமஸான பிள்ளையைப் பலருக்குப் பிடிக்காமலும் இருக்கலாம். வகுப்பில் எல்லார் பெயரும் உள்ள பட்டியலைக் கையில் கொடுங்கள். இல்லாவிட்டால் பக்கத்து பெஞ்சுக்காரர் நினைவு வருவார், அன்று லீவு போட்டவர் விடுபட்டுப் போவார். வகுப்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமானவர்கள் எழுதாமல் விட்டிருந்தால் அந்தக் கணக்கை நம்பாமல் இருப்பதே நல்லது.

பிடிக்காதவர் பெயரை எழுதச் சொல்லத் தயக்கமாக இருந்தால், ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, அவரை எவ்வளவு பிடிக்கும் என்று 1 முதல் 5 வரை உள்ள எண்களில் ஒன்றை வட்டமிடச் சொல்லலாம். எழுதத் தெரியாத சின்னப் பிள்ளைகளிடம் வகுப்புத் தோழர்களின் போட்டோக்களைக் கொடுத்து, சிரித்த முகம், சாதாரண முகம், சோக முகம் வரைந்த மூன்று பெட்டிகளில் போடச் சொல்லலாம். எதுவானாலும் கையைத் தூக்கச் சொல்லிக் கேட்கவே கூடாது. இடைவேளைக்கு முந்தின பீரியடிலும் வேண்டாம்; எழுதியதை அப்படியே விளையாட்டு மைதானத்துக்குப் பேச்சாகக் கொண்டுபோய்விடுவார்கள்.

நிராகரிக்கப்பட்டவன் என்றாலே அடிதடிக்காரன் என்று எடுத்துக்கொள்கிறோம். அப்படிச் சிலர் உண்டு; பயந்து ஒடுங்கியே இருப்பதால் ஒதுக்கப்படுபவர்களும் உண்டு. ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் என்று ஓட்டு விழுவதை மொரேனோவே கவனித்திருக்கிறார். நம் ஊரில் தெருவாரியாக, சாதிவாரியாகவும் அம்புகள் போகலாம். அப்படிப் போனால் ஒதுக்கப்பட்ட பிள்ளைக்குப் பழகத் தெரியவில்லை என்று எழுதி வைப்பது அநியாயம். அங்கே அளக்கப்பட்டது ஊரின் நடப்பு, அந்தப் பிள்ளையின் குணமல்ல.

கேட்டதை வைத்து ஏதாவது செய்யவும் வேண்டும் என்று மொரேனோ வலியுறுத்தினார். யாருடன் உட்கார விருப்பம் என்று கேட்டுவிட்டு, மறுநாளும் உயர வரிசைப்படியே உட்கார வைத்தால், அடுத்த முறை சீட்டு கொடுக்கும்போது பிள்ளைகள் வாய்க்கு வந்த பெயரை எழுதுவார்கள்.