கடலரிப்பு போட்டோ எடுக்கப் போறீங்களா மக்கா

நம்ம கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில குளச்சல்லயோ தூத்தூர்லயோ அலை வீட்டுக்குள்ள ஏறுனா உடனே மொபைல தூக்கி ஜூம் பண்ணாதீங்க, மொதல்ல தெரு, வீடு, அலை மூணும் ஒரே பிரேம்ல வர்ற மாதிரி ஒண்ணு எடுங்க, அப்பதான் தண்ணி எவ்வளவு தூரம் வந்துச்சுன்னு பாக்குறவங்களுக்குப் புரியும். பிறகு கிட்டப் போய் முகம், கை. அழுதுட்டு இருக்கவங்ககிட்ட கேட்டுட்டு எடுங்க, "இன்னொருக்கா அழுங்க"ன்னு சொல்லி எடுக்குறது நியூஸ் போட்டோ இல்ல, நாடகம். எடுத்த பிறகு எடிட் பண்ணும்போது வெளிச்சம் லேசா கூட்டலாம், கிராப் பண்ணலாம், ஆனா குறுக்க நிக்குற கரண்ட் கம்பத்த அழிச்சீங்கன்னா போச்சு. கேப்ஷன்ல ஊரு, தேதி, நேரம் கண்டிப்பா வேணும், இல்லன்னா 2017 ஒக்கி புயல் படமும் உங்க படமும் ஒண்ணா கலந்து சுத்தும். பத்திரிகைக்கு வாட்ஸ்அப்ல அனுப்புனா டாக்குமெண்டா அனுப்புங்க, சும்மா போட்டோவா போட்டா குவாலிட்டியும் போகும், எடுத்த நேர விவரமும் அழிஞ்சிரும்.