ஸ்கோப் நார்மல்தான், அப்புறம் ஏன் வயிறு உப்புகிறது?

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் நெஞ்செரிச்சல், ஏப்பம், வயிற்று உப்புசம், நாலு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிடுவது எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான்: கேஸ்ட்ரிக். பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கோப் (வாய் வழியாகக் கேமரா குழாயை விட்டுப் பார்ப்பது) போட்டு நார்மல் என்று வந்துவிட்டால் தீர்ப்பும் தயார். ஆணாக இருந்தால் "டீயைக் குறைங்க". பெண்ணாக இருந்தால் "எல்லாம் மனசுதான்மா".

முதல் தவறு இங்கேதான். ஸ்கோப் இரைப்பையின் உட்புறத்தைக் காட்டும். புண், கட்டி இருந்தால் தெரியும். சாப்பாடு வரும்போது இரைப்பை தளர்ந்து இடம் கொடுக்கிறதா, எவ்வளவு நேரத்தில் குடலுக்குத் தள்ளுகிறது, கொஞ்சம் விரிந்தாலே வலிக்கிறதா என்பதெல்லாம் அதில் தெரியாது. அதற்கு வேறு சோதனைகள் உண்டு. எல்லா ஆஸ்பத்திரியிலும் கிடைக்காது, எல்லாருக்கும் தேவையும் இல்லை.

அப்படிச் செய்துகொண்டவர்கள் அடுத்து செய்யும் தவறு, கணவன் ரிப்போர்ட்டையும் மனைவி ரிப்போர்ட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. ஒரு சோதனையில் மிகக் குறைந்த கதிரியக்கப் பொருள் கலந்த முட்டை வெள்ளைக்கருவை ரொட்டி, ஜாமோடு கொடுத்து 4 மணி நேரம் படம் எடுப்பார்கள். கடைசியில் 10 சதவீதத்துக்கு மேல் இரைப்பையில் மிச்சமிருந்தால் தாமதம் என்று கணக்கு. ஆனால் நோயே இல்லாத பெண்களுக்கும் சராசரியாக ஆண்களைவிட மெதுவாகத்தான் இரைப்பை காலியாகும். சத்துப் பானத்தை ஒரே வேகத்தில் குடிக்கவைத்து, எங்கே 'இனி முடியாது' என்கிறார் என்று பார்க்கும் சோதனையிலும் பெண்கள் பொதுவாகக் குறைந்த அளவிலேயே நிறுத்துவார்கள். ஆகவே எல்லைக்கோட்டில் நிற்கும் எண்ணைப் பார்த்ததும் பயப்பட வேண்டாம். "இது பெண்களுக்கான அளவா டாக்டர்?" என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை.

மனசு விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பக்கத்து வீட்டு அக்கா தன் மகளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்போது, "தூக்கம் வரலைன்னு மட்டும் சொல்லிடாதடி, பைத்தியம்னு எழுதிடுவாங்க" என்றார். அவள் சொல்லவில்லை. அதுதான் பெரிய தவறு. 2005-இல் பெல்ஜியத்தின் லூவன் ஆய்வாளர்கள், ஆரோக்கியமானவர்களுக்கே பதற்றத்தை வரவழைத்து அளந்தார்கள். சாப்பாட்டுக்கு இடம் கொடுக்கும் தளர்ச்சி குறைந்துபோனது. அதாவது கவலை வெறும் கற்பனையை மட்டும் உண்டாக்கவில்லை, இரைப்பையின் தசையையே இறுக்குகிறது. விடிய விடியத் தூங்காமல், பஸ் பிடித்து ஈப்போவுக்குப் பதறி ஓடிப் போய்ச் சோதனைக்கு உட்கார்ந்தால் அந்தப் பதற்றமும் சேர்ந்தே அளக்கப்படும். 'மனசுதான்' என்று சொல்லி வயிற்றை ஒதுக்குவதும் தவறு, மனசை மறைத்து வயிற்றை மட்டும் காட்டுவதும் தவறு.

சில்லறைத் தவறுகளும் உண்டு. பசியாறிவிட்டுப் போவது, டோம்பெரிடோன் மாதிரி இரைப்பையை வேகப்படுத்தும் மாத்திரையை நிறுத்தாமல் போவது (எப்போது நிறுத்துவது என்று டாக்டரே சொல்வார்), இனிப்புநீர் ஏறியிருப்பதைச் சொல்லாமல் விடுவது. சர்க்கரை அதிகமாக இருந்தாலே இரைப்பை மெதுவாகிவிடும்.

எடை குறைவது, மலம் கறுப்பாகப் போவது, விழுங்கச் சிரமம், ரத்தசோகை இருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. உடனே டாக்டரைப் பாருங்கள்.

அந்த அக்கா மகள் இரண்டாவது தடவை ஆஸ்பத்திரிக்குப் போனபோது அமிட்ரிப்டிலின் எழுதிக் கொடுத்தார்கள். மனச்சோர்வு மாத்திரை என்று யாரோ சொல்ல, அட்டையை அப்படியே அலமாரியில் போட்டுவிட்டாள். குறைந்த அளவில் அது வயிற்று நரம்புகளின் வலியுணர்வைத் தணிக்கத் தரப்படுகிறது. 2015-இல் வெளியான ஆய்விலும் வலி மேலோங்கியவர்களுக்கு உதவியது; இரைப்பை மெதுவாகக் காலியாகிறவர்களுக்கு அவ்வளவாகக் கைகொடுக்கவில்லை. அவளுக்கு எது என்று சோதனை ரிப்போர்ட்டிலேயே இருந்தது. அதை நாங்கள் அப்புறம்தான் பிரித்துப் பார்த்தோம்.