புகைப்படத்தை கேம் பாய் பாணிப் பிக்சல் ஓவியமாக மாற்றும் முறை

1989இல் நின்டெண்டோ வெளியிட்ட கேம் பாய் என்ற கையடக்க விளையாட்டுக் கருவியின் திரையில் அகலவாக்கில் 160, உயரவாக்கில் 144 பிக்சல்களே இருந்தன, சாயல்களும் நான்குதான். பச்சை படர்ந்த அந்தத் தோற்றத்தை ஒரே சொடுக்கில் தரும் கருவிகள் பல உண்டு. ஆயினும் நான் கிம்ப் (GIMP) என்ற படத்திருத்த மென்பொருளையே பரிந்துரைப்பேன். எந்தக் கட்டத்தில் படம் கெடுகிறது என்பதை அதில் கண்கூடாகப் பார்த்துத் திருத்தலாம்.

முகமோ ஒற்றைப் பொருளோ சட்டத்தை நிறைக்கும்படி படத்தை 10:9 விகிதத்தில் வெட்டுங்கள். 'மோடு' பட்டியலில் 'கிரேஸ்கேல்' என்பதைத் தேர்ந்தெடுத்து, 'கர்வ்ஸ்' கருவியால் கான்ட்ராஸ்டைக் கூட்டுங்கள். சற்று மிகையாகத் தோன்றினாலும் தயங்க வேண்டாம். நான்கே சாயல்கள் மிஞ்சும்போது மெல்லிய நிழல்கள் மறைந்துவிடும். பிறகு 'ஸ்கேல் இமேஜ்' வழியாக 160×144 அளவுக்குச் சுருக்குங்கள்.

அடுத்த கட்டத்தில்தான் நான் பலமுறை தவறினேன். நான்கு பச்சைகளைக் கொண்ட வண்ணத் தட்டை உருவாக்கி, படத்தை நேரடியாக அதற்கு மாற்றினேன். நெற்றியும் கன்னமும் ஒரே திட்டாகிவிட்டன. மென்பொருள் ஒவ்வொரு பிக்சலுக்கும் மிக நெருங்கிய நிறத்தைத் தேடுகிறது. வெளிர்பச்சை இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோல் இருப்பதால், வெளிச்சமான பகுதிகளின் வேறுபாடு அழிந்துபோகிறது. ஆகவே முதலில் சாம்பலிலேயே நிறங்களைக் குறைக்க வேண்டும். 'இன்டெக்ஸ்டு' முறைக்குச் சென்று, நிறங்களின் எண்ணிக்கையை 4 என அமைத்து, டிதரிங் (இருக்கும் நிறங்களின் புள்ளிகளைக் கலந்து இடைச்சாயல்களைக் காட்டும் உத்தி) வகையில் 'பொசிஷண்டு' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதே பட்டியலில் உள்ள ஃபிளாய்டு–ஸ்டைன்பெர்க் முறை ஒழுங்கற்ற மணல் பரப்பைப் போன்ற புள்ளிகளைத் தருகிறது. 1998இல் வந்த கேம் பாய் கேமராவின் படங்களில் காணும் சீரான கட்டவடிவம் 'பொசிஷண்டு' முறையில்தான் அமைகிறது என்பது என் உறுதியான கருத்து.

இப்போது 'கலர்மேப்' பலகத்தில் நான்கு சாம்பல்களையும், மிக அடர்த்தியானதில் தொடங்கி, முறையே இந்த நிறங்களாக மாற்றுங்கள்: (15, 56, 15), (48, 98, 48), (139, 172, 15), (155, 188, 15). எண்கள் சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில் உள்ளன.

இறுதியாக, மீண்டும் 'ஸ்கேல் இமேஜ்' சென்று, 'இன்டர்போலேஷன்' (அளவு மாறும்போது இடைநிறங்களைக் கணிக்கும் முறை) என்பதை 'நன்' (None) என வைத்து, முழு எண் மடங்கில் பெரிதாக்குங்கள். ஆறு மடங்கு என்றால் 960×864. ஐந்தரை மடங்கு போன்ற அளவுகளில் சில பிக்சல்கள் தடித்தும் சில மெலிந்தும் போகும். பிஎன்ஜி வடிவில் மட்டும் சேமியுங்கள். ஜேபெக் சுருக்கம் ஒவ்வொரு விளிம்பிலும் கறை படியச் செய்யும்.

பின்சேர்க்கை: இம்முறையைப் பின்பற்றிய நண்பர் ஒருவரின் படம் கைப்பேசியில் மங்கலாகத் தெரிந்தது. படத்தில் குறையில்லை, செய்திச் செயலி அதை அனுப்பும்போது மீண்டும் சுருக்கியிருந்தது. புகைப்படமாக அனுப்பாமல் கோப்பாக அனுப்பியதும் விளிம்புகள் கூர்மையாகவே வந்து சேர்ந்தன.