சிலிகான் பிசிறைக் குளிரில் உதிர்ப்பது எப்படி

புதுச்சேரியில் சேதராப்பட்டிலோ மேட்டுப்பாளையத்திலோ சின்னதாக ஒரு மோல்டிங் பிரஸ் வைத்து சிலிகான் ரப்பரில் மிக்ஸி ஜார் கேஸ்கட், பம்பு சீல், ஓ-ரிங் போடுகிறவர் என்றால், பீஸ் ரேட்டுக்கு ஆள் வைத்துக் கத்தரியால் பிசிறு (மோல்டின் இரண்டு பாதிக்கும் நடுவில் கசிந்து விளிம்பில் நிற்கும் மெல்லிய ரப்பர்) வெட்டும் செலவு உங்களுக்கே தெரியும். வெட்டும் கை கொஞ்சம் தவறினால் நல்ல பீஸும் போய்விடும். திரவ நைட்ரஜனில் விறைக்க வைத்துப் பிசிறை உடைத்துத் தள்ளுவது இதற்கு நல்ல வழிதான், ஆனால் மற்ற ரப்பருக்குச் செய்வதை அப்படியே சிலிகானுக்குச் செய்தால் வேலைக்கு ஆகாது.

முதலில் ட்ரை ஐஸ் (உறைந்த கார்பன் டை ஆக்சைடு) ஆசையை விட்டுவிடுங்கள். அது மைனஸ் 78 டிகிரி வரைதான் போகும். ஈபிடிஎம் ரப்பர் சுமார் மைனஸ் 55-லேயே கண்ணாடி மாதிரி நொறுங்கும் நிலைக்கு வந்துவிடும், நைட்ரைல் ரப்பர் அதற்கும் முன்னாலேயே. சிலிகானுக்கு அந்த நிலை வரச் சுமார் மைனஸ் 120 டிகிரி வேண்டும். இதில் ஒரு ஏமாற்றும் இருக்கிறது. மைனஸ் 40, 50 பக்கம் போனதுமே சாதாரண சிலிகான் விறைத்து, தட்டினால் டக் டக் என்று சத்தம் கொடுக்கும். ரெடியாகிவிட்டது என்று தோன்றும். ஆனால் அது விறைப்பு மட்டும்தான், உடையாது, மடக்கினால் மடங்கும். ஆக, மைனஸ் 196-ல் கொதிக்கும் திரவ நைட்ரஜன் இல்லாமல் சிலிகானில் இந்த வேலை நடக்காது. மாட்டுக்குச் சினை ஊசி போட வருகிறவர் பைக்கில் கட்டிக்கொண்டு வரும் அலுமினியக் கேனில் இருப்பதும் இதே சரக்குதான்.

சூட்சுமம் எல்லாம் நேரத்தில் இருக்கிறது. பிசிறு மெல்லியது, அதனால் சட்டென்று உறையும். பீஸின் உடல் தடிமனானது, மெதுவாகத்தான் உறையும். இந்த இரண்டுக்கும் நடுவில் கிடைக்கும் இடைவெளியில் பிசிறை அடித்து உதிர்க்க வேண்டும். இடைவெளியைத் தவறவிட்டால் உடலும் நொறுங்கும் நிலைக்கு வந்து, பார்ட்டிங் லைனை (மோல்டின் இரண்டு பாதியும் சேரும் கோடு) ஒட்டிச் சில்லு பெயரும்.

மெஷினுக்குக் காசு போடும் முன்னால், அல்லது ஜாப் ஒர்க்குக்கு அனுப்பும் முன்னால், கையாலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். மீன் ஏற்றும் தடித்த தெர்மாகோல் பெட்டி, புதியதாக ஒன்று, கடலூர் ஓ.டி. பக்கம் சுலபமாகக் கிடைக்கும். அதில் கொஞ்சம் திரவ நைட்ரஜனை ஊற்றி, பீஸை நீளக் கைப்பிடி வைத்த எவர்சில்வர் டீ வடிகட்டியில் போட்டு உள்ளே இறக்குங்கள். இறக்கியதும் பீஸைச் சுற்றி வாயு படலமாக நிற்கும், குமிழி நிதானமாக வரும். கொஞ்ச நேரத்தில் திடீரென்று சடசடவென்று ஒரு கொதிப்பு எழுந்து அப்படியே அடங்கும். அடங்கிவிட்டது என்றால் உடலும் சேர்ந்து உறைந்துவிட்டது என்று அர்த்தம், அந்த பீஸைக் கீழே போட்டாலே விரிசல் விழலாம். அந்தக் கொதிப்புக்கு வெகு முன்னதாகவே வடிகட்டியைத் தூக்க வேண்டும், மெல்லிய பிசிறுக்கு ஓரிரு விநாடியே போதும். தூக்கியதும் வெளியே கொண்டு வந்து நிதானமாகப் பார்க்காதீர்கள். சட்டென்று உறைந்தது சட்டென்று இளகவும் செய்யும், நீங்கள் பிரஷ் எடுப்பதற்குள் பிசிறு பழையபடி ரப்பராகிவிடும். திரவத்துக்கு மேலே பெட்டிக்குள்ளேயே நிற்கும் குளிர்ந்த ஆவியில் வைத்தே நைலான் பிரஷால் தேய்த்துவிடுங்கள். பிசிறு தூளாகக் கொட்டினால் இந்த வேலை உங்கள் பீஸுக்கு ஒத்துவரும். கிழிந்தது மாதிரி வந்தால் குளிர் போதவில்லை.

மெஷினில் இதே கதைதான், பிரஷுக்குப் பதிலாக பாலிகார்பனேட் மணிகள். சுழலும் கூடையில் பீஸ்கள் புரண்டுகொண்டிருக்க, வேகமாகச் சுற்றும் சக்கரம் மணிகளை வீசி அடிக்கும். பாலிகார்பனேட்டை எடுப்பதற்குக் காரணம், அவ்வளவு குளிரிலும் அது சுலபத்தில் நொறுங்காது. மைனஸ் 120 டிகிரியை ஒட்டித் தொடங்கி, சில பீஸ்களை மட்டும் ஓட்டிப் பார்த்து, ஒரு நேரத்தில் ஒரு செட்டிங்கை மட்டும் மாற்றுங்கள். வெப்பநிலை, சக்கர வேகம், நேரம் மூன்றையும் சேர்த்துத் திருகினால் எது வேலை செய்தது என்றே தெரியாது. பிசிறு மிச்சம் இருந்தால் குளிரைக் கூட்டுவதா, நேரத்தைக் கூட்டுவதா என்று குழப்பம் வரும். லென்ஸ் வைத்து விளிம்பைப் பாருங்கள். பிசிறு அங்கங்கே வளைந்து தொங்கினால் குளிர் குறைவு. பிசிறு போய், உடலில் அம்மைத் தழும்பு போலக் குழி விழுந்திருந்தால் குளிரோ அடியோ நேரமோ அதிகம். மணியின் அளவு பீஸில் உள்ள துளையின் அளவுக்கு ஒட்டி வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு துளையிலிருந்தும் மணியைக் குத்தி எடுப்பதற்கு வேறு ஆள் வைக்க வேண்டிவரும்.

அப்புறம் நம் ஊர்க் காற்று. கடலோரத்தில் எப்போதுமே ஈரம், ஐப்பசி கார்த்திகையில் கேட்கவே வேண்டாம். ஈரமான பீஸ் உள்ளே போனால் அந்தத் தண்ணீர் பனிக்கட்டியாகி மணிகளைக் கட்டியாக்கிவிடும், கட்டி பட்ட மணி குழாயில் அடைத்துக்கொள்ளும். பீஸும் மணியும் காய்ந்திருக்க வேண்டும், மணி மூட்டையைத் திறந்தபடி வைக்கக் கூடாது. ஓட்டி முடித்ததும் குளிர்ந்த பீஸை வெளியே கொட்டினால் அடுத்த நிமிஷம் சொட்டச் சொட்ட நனைந்திருக்கும். பாலிதீன் பையில் போட்டு வாயைக் கட்டி வைத்தால் வியர்ப்பு பையின் வெளிப்பக்கம்தான் வரும். பை அறைச் சூட்டுக்கு வந்த பிறகு திறங்கள்.

மழை பெய்கிறதே என்று ஜன்னலை அடைத்துவிட்டு இந்த வேலையைச் செய்யவே கூடாது. ஒரு லிட்டர் திரவ நைட்ரஜன் சுமார் 700 லிட்டர் வாயுவாக விரியும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, அது ஆக்சிஜனைத் தள்ளிவிட்டு நிற்பது மூச்சு விடுகிறவனுக்குத் தெரியாது, மயங்கி விழும்போதுதான் தெரியும். 19.5 சதவீதத்துக்குக் கீழே போனால் அலறும் ஆக்சிஜன் மானிட்டரை மாட்டுங்கள். குளிர்ந்த நைட்ரஜன் கீழே இறங்கித் தங்கும், எனவே பள்ளமான இடம் வேண்டாம். உள்ளே யாராவது விழுந்துவிட்டால் மூச்சுக் கருவி இல்லாமல் தூக்க ஓடுகிறவரும் பக்கத்திலேயே விழுவார். முகத்துக்கு ஷீல்டு, சட்டென்று உதறிவிடக்கூடிய லூசான குளிர்க் கையுறை, ஷூவுக்கு வெளியே விழும் பேண்ட், இவை இல்லாமல் ஊற்ற வேண்டாம். கேனை இறுக்கி மூடினால் வெடிக்கும். சினை ஊசிக் கேனின் மூடி லூசாக உட்காருவது அதனால்தான்.

சிலிகானில் ஸ்டேட்டிக் அதிகம், மணித் தூளும் பிசிறுத் தூளும் விடாமல் ஒட்டிக்கொள்ளும். ஸ்டேட்டிக்கைப் போக்கும் அயனைஸ்டு காற்று அடியுங்கள், இல்லையென்றால் கழுவிக் காயவையுங்கள். ஓவனில் போஸ்ட் க்யூர் (மோல்டிலிருந்து எடுத்த பீஸை மறுபடி சூட்டில் வேகவைப்பது) இனிமேல்தான் என்றால் இதில் சோம்பல் கூடாது. பாலிகார்பனேட் 150 டிகிரி பக்கமே இளகத் தொடங்கும், 200 டிகிரி ஓவனில் ஒட்டிய தூள் பீஸோடு படிந்துவிடும், பிறகு சுரண்டினாலும் வராது.

எல்லா பீஸுக்கும் இது சரிப்படாது. பிசிறு 0.1 மில்லிமீட்டர் அளவில் இருந்தால் சுகமாக உதிரும். 0.3-ஐத் தாண்டினால் திணறும், அங்கே சரிசெய்ய வேண்டியது மோல்டை. கம்ப்ரஷன் மோல்டில் ஷீட்டாக வரும் பெரிய பிசிறைக் கையால் கிழித்துவிட்டுப் போடுங்கள், இல்லாவிட்டால் அது மணி அடியை எல்லாம் மறைத்துக்கொள்ளும். மெல்லிய லிப் (உதடு போன்ற விளிம்பு) உள்ள சீல் என்றால் லிப்பும் பிசிறோடு சேர்ந்து உறையும், மணிக்கு இரண்டும் ஒன்றுதான். அப்படிப்பட்ட பீஸைக் கத்தரிக்கே விட்டுவிடுங்கள்.