வலதுசாரின்னா யாரு? இந்த வார்த்தையில தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒருத்தர் கோயிலுக்கு போறார்னு தெரிஞ்சாலே வலதுசாரின்னு முத்திரை குத்திடறாங்க, தயவுசெஞ்சு இதை விடுங்க, பக்தி வேற அரசியல் வேற. வார்த்தை பொறந்த இடத்தை பார்த்தாலே பாதி குழப்பம் தீரும்.

1789, பிரான்ஸ், வெர்சாய். சட்டத்தை தடுக்கற வீட்டோ அதிகாரம் ராஜாவுக்கு இருக்கணுமான்னு தேசிய சபையில பெரிய விவாதம், ராஜாவுக்கும் மதத்துக்கும் விசுவாசமா இருந்தவங்க தலைவர் நாற்காலிக்கு வலது பக்கமா சேர்ந்து உக்காந்தாங்க, எதிர்த்தவங்க இடது பக்கம். வலது பக்கம் உக்காந்த ஒரு பிரபு, எதிர் தரப்போட கூச்சலும் வசவும் தாங்காமத்தான் அங்க ஒதுங்கினோம்னு குறிப்பு எழுதி வெச்சிருக்கார். கடைசியில ராஜாவுக்கு கிடைச்சது சட்டத்தை தள்ளிப்போடற வீட்டோ மட்டும்தான்.

இத வெச்சு நம்ம லோக்சபாவையும் கணக்கு போடாதீங்க. அங்க சபாநாயகருக்கு வலது பக்கம் ஆளுங்கட்சி, அது எந்த கொள்கையா இருந்தாலும் சரி.

இருக்கறதுலயே பெரிய தப்பு, இது மாறாத அடையாளம்னு நினைக்கறது. அதே பிரான்ஸ்ல பிரிஸ்ஸோன்னு ஒருத்தர், 1791 சபையில இடது பக்கம் உக்காந்தவர், ராஜாவே வேண்டாம்னு சொன்ன ஆளு. அடுத்த வருஷம் கூடின சபையில அவரோட ஜிரோந்தின் கோஷ்டி வலது பக்கம் ஆயிடுச்சு, ஏன்னா அவங்கள விட தீவிரமானவங்க இடது பக்கத்தை பிடிச்சுட்டாங்க. 1793 அக்டோபர்ல அவரை கில்லட்டின்ல வெட்டிட்டாங்க. நம்மூர்லயும் அப்படித்தான், 1964ல இந்திய கம்யூனிஸ்ட் கட்சி (சிபிஐ) உடைஞ்சப்புறம் சிபிஐயை வலது கம்யூனிஸ்ட்னே கூப்பிட்டாங்க, அவங்க ராஜாவையோ முதலாளியையோ ஆதரிச்சதால இல்ல, பிரிஞ்சு போன சிபிஎம் அவங்களுக்கு இடது பக்கம் நின்னதால.

அப்புறம் எல்லா வலதுசாரியையும் ஒரே மூட்டையில கட்டாதீங்க. ராஜாஜி 1959ல ஆரம்பிச்ச சுதந்திராக் கட்சியும் வலதுசாரி, பாஜகவோட முன்னோடியான ஜனசங்கமும் வலதுசாரி. ஆனா சுதந்திராக் கட்சிக்கு முக்கியம் தொழில் பண்ண எதுக்கெடுத்தாலும் அரசாங்க அனுமதி வேணும்ங்கற லைசென்ஸ் பெர்மிட் ராஜ்யத்தை ஒழிக்கறது, ஜனசங்கத்துக்கு இந்து தேசியம். ஜனசங்கம் இந்தி வேணும்னு நின்னுச்சு, ராஜாஜியோ அறுபதுகள்ல இந்தித் திணிப்பை எதிர்த்து 1967ல திமுகவோட கூட்டணியே வெச்சார்.