ஸ்லைடு இல்லாம அஜைல்: அரை நாள்ல கையால செஞ்சு கத்துக்குற வழி

அஜைல்னா, பெரிய வேலையை மொத்தமா கடைசியில குடுக்காம, சின்னச் சின்னதா முடிச்சுக் காட்டி மாத்திக்கிட்டே போற முறை. அதுல ஸ்பிரின்ட்னா என்ன, பேக்லாக்னா என்னன்னு ஸ்லைடா ஓட்டுற டிரெய்னிங்ல மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்புறம் பாதி பேர் கண்ணு சொருகிடும், மீதி பேர் போனுக்குள்ள போயிடுவாங்க. அதனால இதுல ஸ்லைடே கிடையாது. முதல்ல கை வேலை, பேரெல்லாம் அப்புறம். சேலம் ஜாகீர் அம்மாபாளையம் ஐடி பார்க்ல வேலை பாக்குறவங்களுக்கு மட்டும் இல்லீங்க, செவ்வாய்பேட்டையில கொலுசு ஆர்டர் எடுத்து நாலு பேரை வச்சு முடிச்சுக் குடுக்குறவங்களுக்கும் இது அப்படியே பொருந்தும்.

வேண்டியது: ஒரு ரூபா காயின் 20, ஸ்டிக்கி நோட் ரெண்டு கலர்ல, பெரிய சார்ட் பேப்பர், மார்க்கர், போன்ல ஸ்டாப்வாட்ச். ஆளு ஆறுல இருந்து ஒன்பது பேர் இருந்தா நல்லது, ஸ்க்ரம்ன்ற அஜைல் முறைக்கான விதிப் புத்தகம் ஸ்க்ரம் கைடுலயும் பொதுவா 10 பேருக்குள்ளன்னு தான் இருக்கு. அப்புறம் செல்லோ டேப் மறந்துடாதீங்க, சேலம் வெயில்ல ஃபேன் போடாம உக்கார முடியாது, ஃபேன் போட்டா ஸ்டிக்கி நோட் எல்லாம் பறந்து போய் வாசல்ல கிடக்கும்.

ஸ்டெப் 1: காயின் ஆட்டம்

நாலு பேரை வரிசையா உக்கார வைங்க. முதல் ஆளு 20 காயினையும் இடது கையால ஒவ்வொன்னா திருப்பிப் போட்டு, எல்லாம் முடிஞ்சப்புறம் தான் மொத்தமா அடுத்தவருக்குத் தள்ளணும், அவரும் அதே மாதிரி, இப்படி நாலாவது ஆளு வரைக்கும். இன்னொருத்தர் ரெண்டு நேரம் குறிக்கணும்: முதல் காயின் கடைசி ஆளு கையில இருந்து எப்ப வெளிய வந்துச்சு, மொத்தமும் எப்ப முடிஞ்சுது. அடுத்த சுத்துல அஞ்சு அஞ்சா தள்ளச் சொல்லுங்க, மூணாவது சுத்துல ஒன்னு ஒன்னா.

ஒரு காயினுக்கு ஒரு செகண்ட்னு வச்சு கணக்கு போட்டா, 20ஆ தள்ளுனா 80 செகண்ட், அஞ்சஞ்சா தள்ளுனா 35, ஒன்னொன்னா தள்ளுனா 23. அதே ஆளு, அதே கை, யாரும் வேகமா வேலை செய்யல. இதை விட முக்கியம் முதல் காயின் தான், ஒன்னொன்னா தள்ளுறப்ப அது நாலாவது செகண்ட்லயே வெளிய வந்துடுது. 50 ஜோடி கொலுசையும் கோத்து முடிச்சப்புறம் தான் பத்த வைக்கவே ஆரம்பிப்போம்னு இருக்குற பட்டறையில, டிசைன் தப்புன்னா அது எப்ப தெரியும்னு யோசிச்சுப் பாருங்க. முதல் ஜோடியை மட்டும் பாலிஷ் வரைக்கும் முடிச்சு கடைக்காரர்கிட்ட காட்டிட்டா மீதி 49 பொழைச்சுது. சின்னச் சின்னதா முடிச்சுக் குடுங்கன்னு அஜைல்ல சொல்றது இதுக்குத் தான்.

ஸ்டெப் 2: வேலையைச் சுவத்துல ஒட்டுறது

இப்ப டீமுக்கு ஒரு நிஜமான வேலை வேணும். எட்டு பேர் கொண்ட ஒரு குடும்பத்துக்கு ஏற்காடு ஒரு நாள் டூர் பிளான் தயார் பண்ணச் சொல்லுங்க, அதைப் பத்தி எல்லாருக்கும் ஏதாவது தெரியும். ஒருத்தர் ப்ராடக்ட் ஓனர், அந்தக் குடும்பம் சார்பா எது முதல்ல வேணும்னு முடிவு பண்றவர். வண்டி, லேக்ல போட்டிங், லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட், சாப்பாடு, செலவுக் கணக்கு, மழை வந்தா என்ன பண்றது, 20 கொண்டை ஊசி வளைவுல வாந்தி எடுக்குற புள்ளைக்கு என்ன ஏற்பாடு, ஒவ்வொன்னும் ஒரு நோட்ல. இது தான் பேக்லாக். சார்ட்ல மூணு கட்டம் போடுங்க: செய்யணும், செஞ்சிட்டிருக்கோம், முடிஞ்சுது. நடுக் கட்டத்துல ரெண்டு நோட்டுக்கு மேல இருக்கக் கூடாது, இதுல மட்டும் கறாரா இருங்க.

“முடிஞ்சுது”ன்னா என்னன்னும் அப்பவே எழுதி ஒட்டிடுங்க. உதாரணமா, இடம், நேரம், செலவு மூணும் எழுதியிருந்தா தான் முடிஞ்சுது. இல்லேன்னா “கிட்டத்தட்ட முடிஞ்சுது சார்”னே ஓடும்.

ஸ்டெப் 3: போக்கர்

1, 2, 3, 5, 8, 13ன்னு நம்பர் எழுதுன சீட்டு ஆளுக்கு ஒரு செட். வேலை எவ்வளவு பெருசுன்னு கணிக்க ஜேம்ஸ் க்ரென்னிங்ன்ற சாஃப்ட்வேர்காரர் 2002ல எழுதுன முறை இது, பேர் பிளானிங் போக்கர். ஒரு நோட்டை எடுத்து, அது மத்த வேலையோட பாக்குறப்ப எவ்வளவு பெருசுன்னு மனசுக்குள்ள முடிவு பண்ணி சீட்டைக் கவுத்து வச்சு, எல்லாரும் ஒரே நேரத்துல திருப்பணும். மணிக்கணக்கு இல்ல, அளவு மட்டும்.

ஒரே நேரத்துலன்றது தான் இதுல உயிர். நம்ம ஊர்ல மேனேஜர் “இது சின்ன வேலை தானப்பா”ன்னு வாயைத் திறந்துட்டா அதுக்கப்புறம் சுத்தி இருக்குற எல்லாரும் “ஆமாங்கண்ணா, சின்னது தான்”னு சொல்லிடுவாங்க, அந்த வேலையை உண்மையிலயே செய்யப் போற பொண்ணு மட்டும் 13ன்னு நினைச்சுக்கிட்டு வாயை மூடிட்டு உக்காந்திருக்கும். சீட்டு திரும்புனப்புறம் 2ம் 13ம் வந்தா அந்த ரெண்டு பேரையும் மட்டும் பேச விடுங்க. பெரும்பாலும் 13 போட்டவங்களுக்கு மத்தவங்களுக்குத் தெரியாத ஏதோ ஒன்னு தெரிஞ்சிருக்கும், மெயின் ரோட்ல மண் சரிஞ்சா குப்பனூர் வழியா சுத்திப் போகணும்ன்ற மாதிரி. பேசுனப்புறம் திரும்ப ஒரு தடவை சீட்டு போடுங்க. முதலாளி வந்திருந்தா அவர் கடைசியா தான் பேசணும்னு முன்னாடியே தனியா கூப்பிட்டுச் சொல்லிடுங்க, சபையில சொன்னா சங்கடம்.

ஸ்டெப் 4: ரெண்டு ஸ்பிரின்ட்

ஸ்பிரின்ட்னா குறிச்ச நேரத்துக்குள்ள கொஞ்சம் வேலையை எடுத்து முடிச்சுக் காட்டுற ஒரு சுத்து. ஒரு ஸ்பிரின்ட்டுக்கு 3 நிமிஷம் பிளானிங், 8 நிமிஷம் வேலை, 3 நிமிஷம் ரிவ்யூ. நிஜத்துல ஸ்பிரின்ட் ஒரு மாசம் வரைக்கும் போகலாம், ரெண்டு வாரம் வைக்கிறவங்க தான் அதிகம். வேலை நடுவுல ஒரு நிமிஷம் எல்லாரும் போர்டு முன்னாடி நின்னு பேசணும், நிஜத்துல தினமும் 15 நிமிஷம். நேத்து என்ன, இன்னைக்கு என்ன, தடை என்னன்னு மூணு கேள்வி கேட்டே ஆகணும்னு நினைக்காதீங்க, 2020 ஸ்க்ரம் கைடுல அதை எடுத்துட்டாங்க. மேனேஜரைப் பாத்து ஒப்பிக்காம போர்டைப் பாத்து பேசுனா போதும்.

ரெண்டாவது ஸ்பிரின்ட் பிளானிங்குக்கு முன்னாடி ப்ராடக்ட் ஓனர் மெதுவா ஒரு வார்த்தை சொல்லணும்: “பாட்டியும் வராங்க, முட்டி வலி, அதிகம் நடக்க முடியாது.” சத்தம் வரும், வரட்டும். முதல் ஸ்பிரின்ட்ல முடிஞ்சதுல எது நிக்கும், எதைத் தூக்கணும்னு டீமே போர்டைப் பாத்து முடிவு பண்ணட்டும், நீங்க உள்ள புகாதீங்க. 2001 பிப்ரவரில அமெரிக்காவுல யூட்டா மலையில 17 பேர் கூடி எழுதுன அஜைலோட அடிப்படை அறிக்கை, அஜைல் மேனிஃபெஸ்டோ, பிளானை அப்படியே பிடிச்சுக்கிறதை விட மாற்றத்துக்கு ஈடு குடுக்குறது பெருசுன்னு சொல்லுது. பிளானே வேண்டாம்னு அதுல எங்கயும் இல்ல, அதைக் காரணம் காட்டி பிளான் போடாம இருக்குற டீமைப் பாத்தா தான் எனக்குக் கோவம் வரும்.

ஸ்டெப் 5: ரெட்ரோ

ரெட்ரோன்னா வேலை செஞ்ச விதத்தை டீமே திரும்பிப் பாக்குறது. மூணு நிமிஷம் யாரும் பேசாம, எது நல்லா போச்சு, எது இடிச்சுதுன்னு எழுதணும். பேர் போட வேண்டாம். ஒட்டுனப்புறம் ஆளுக்கு மூணு புள்ளி வச்சு ஓட்டு. அதிகமா புள்ளி வாங்குன ஒன்னே ஒன்னை மட்டும் எடுத்து, அடுத்த தடவை என்ன மாத்தப் போறோம், யார் பாத்துக்குறாங்கன்னு எழுதுங்க.

ஸ்டெப் 6: திங்கக்கிழமை

அதே மாதிரி ஒரு சார்ட்டை ஆபீஸ்ல ஒட்டி உங்க சொந்த வேலையை நோட்ல எழுதுங்க. முதல் நாளே நடுக் கட்டம் நிரம்பி வழியும், ஏன்னா ஏற்கனவே ஆளுக்கு நாலு வேலை பாதியில நிக்குது. புதுசா எதையும் எடுக்காம இருக்குறதுல எது சீக்கிரம் முடியுமோ அதை ரெண்டு மூணு பேர் சேந்து முடிங்க. இந்தப் போர்டையே கம்ப்யூட்டர்ல வைக்கிற ஜிரா மாதிரி சாஃப்ட்வேர் எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், முதல் ரெண்டு வாரத்துக்கு சுவரும் டேப்பும் போதும்.