ஏழாம் ஆண்டு அறிக்கையில் வரும் இரண்டு நூறுகள்

இங்கிலாந்தில் இடைநிலைப் பள்ளியின் முதல் ஆண்டான ஏழாம் ஆண்டில் பிள்ளையின் அறிக்கை கைக்கு வந்ததும், அதிலுள்ள எண்களை உறவினர் பிள்ளையின் எண்களோடு ஒப்பிடுவதற்கு முன், அவை எந்த அளவுகோலில் தரப்பட்டவை என்று பாருங்கள். பிள்ளைகளின் தேர்ச்சியை எல்லாப் பள்ளிகளிலும் ஒரேபோல் குறித்த, தேசியப் பாடத்திட்டத்தின் பழைய நிலைகள் 2014 முதல் கைவிடப்பட்டுவிட்டதால், ஒவ்வொரு பள்ளியும் தனக்கென ஒரு முறையை வகுத்துக்கொள்கிறது. ஆகவே ஒரு பள்ளியின் ‘4’ மற்றொரு பள்ளியின் ‘4’ ஆகாது.

மிகுந்த குழப்பம் விளைவிப்பது 100 என்ற எண்தான். ஆறாம் ஆண்டு இறுதியில் எழுதிய சாட்ஸ் எனப்படும் தேசியத் தேர்வின் மதிப்பெண் 80 முதல் 120 வரை அமையும். அதில் 100 எடுத்தால் எதிர்பார்க்கப்படும் தரத்தை எட்டியதாகப் பொருள். பல பள்ளிகள் ஏழாம் ஆண்டின் தொடக்கத்தில் நடத்தும் கேட் எனப்படும் திறனறித் தேர்விலோ, 100 என்பது அந்த வயதினரின் தேசியச் சராசரி மட்டுமே. இரண்டுமே நூற்றுக்கு நூறு அல்ல என்பதை ஊரிலுள்ள தாத்தா பாட்டியிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

அறிக்கையில் இருப்பது பிள்ளையின் இப்போதைய நிலையா, ஆண்டிறுதிக்கான இலக்கா, அல்லது பதினோராம் ஆண்டில் எழுதவிருக்கும் ஜிசிஎஸ்இ எனப்படும் பொதுத் தேர்வுக்கான கணிப்பா என்பதைப் பெற்றோர் சந்திப்பில் பாட ஆசிரியரிடமே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.